மலை இறங்கும் சைக்கிளும் பிரேக் கட்டையும்

சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்க்காதவர் நம் மெக்கானிக்கல் பிரிவில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் போடிமெட்டு ரோட்டில் ஹெல்மெட்டும் கியர் சைக்கிளுமாக ஏறிப் போகும் வெளியூர்க்காரர்களைக் கண்டால் நாம் வாயைப் பிளந்து நிற்கிறோம். அதில் அப்படி என்னதான் இருக்கிறது? நாம் படித்த கணக்கை வைத்தே பார்த்துவிடலாம், வாருங்கள் நண்பர்களே.

கொச்சியில் தொடங்கி மூணாறு, போடிமெட்டு, தேனி, மதுரை வழியாகத் தொண்டி போய்ச் சேரும் தேசிய நெடுஞ்சாலை 85 இது. மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடலுக்கு! இதில் போடியிலிருந்து மெட்டு வரைக்கும் சுமார் 26 கிலோமீட்டர், 17 கொண்டை ஊசி வளைவுகள், உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர். அதாவது 100 மீட்டர் போனால் 4 மீட்டர் ஏற்றம்.

முதலில் ஏற்றம். எங்கப்பா சுமைதூக்கும் தொழிலாளி. அவர் சைக்கிளில் பல்லை எண்ணினேன். செயின் வீலில் 44, ப்ரீவீலில் 18. ஒரு சுற்று மிதித்தால் வண்டி சுமார் 5.4 மீட்டர் ஓடும். மலை சைக்கிளில் முன்னால் 22, பின்னால் 34 பல் என்று போட்டால் ஒரு மிதிக்கு 1.3 மீட்டர்தான். தூரம் நாலில் ஒரு பங்கு, அதனால் காலுக்கு வேண்டிய விசையும் நாலில் ஒரு பங்கு. அவ்வளவுதான் விஷயம். ஏறுவதற்கு இந்தக் கியர் இல்லையென்றால் இறங்கித் தள்ளலாம், உயிருக்கு ஒன்றும் ஆகாது.

இறங்குவதுதான் ஆபத்து. நம்ம பசங்க சிலர் சைக்கிளை ஜீப் மேலே கட்டி மெட்டுக்குக் கொண்டுபோய், அங்கேயிருந்து பந்தயம் கட்டி இறங்கி வருகிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான்.

ஆளும் வண்டியும் சேர்த்து 80 கிலோ என்று வையுங்கள். 80 × 9.8 × 1,000 = 7,84,000 ஜூல். இது இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கீழே வந்து நிற்கும்போது இந்த ஆற்றல் முழுவதும் எங்கேயாவது போயிருக்க வேண்டும். காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் எல்லாம் நாலு பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் சூடாக இறங்குகிறது. ரிம் சூடானால் உள்ளே டியூப் சூடாகும், காற்றழுத்தம் ஏறும், வெடிக்கவும் செய்யலாம். ரப்பர் கட்டை இளகிப் பிடி விடும். மழை பெய்தாலோ, பளபளப்பான இரும்பு ரிம்மில் கட்டை வழுக்கிக்கொண்டு போகும்.

மலை சைக்கிள் பிறந்த கதையே இந்தச் சூட்டில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா கடற்கரையை ஒட்டிய மரின் மாவட்டக் குன்றுகளில் சில இளைஞர்கள் குப்பைக்குப் போக வேண்டிய பழைய கனத்த சைக்கிள்களை வாங்கி, வேனில் ஏற்றி மேலே கொண்டுபோய், மண் பாதையில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். (நம்ம பசங்க மாதிரியேதான்!) முதல் பந்தயம் 1976 அக்டோபர் 21. அந்த வண்டிகளில் பெடலைப் பின்னால் மிதித்தால் பின் சக்கரக் குடத்துக்குள்ளேயே பிடிக்கும் பிரேக். சுமார் 3.4 கிலோமீட்டரில் 400 மீட்டர் இறக்கம், அதாவது 100-க்கு 12. நம்ம மெட்டு ரோட்டைப் போல மூணு மடங்கு சரிவு. கீழே வருவதற்குள் குடத்துக்குள் இருந்த கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு புதுசாக கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்று பேர் வந்தது. அங்கே ஓட்டியவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ், 1977-ல் இதற்கென்றே புது பிரேம் ஒன்றைத் தன் கையால் செய்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் போட்டியும் சேர்ந்துவிட்டது.

இன்றைய டிஸ்க் பிரேக் என்ன செய்கிறது? சூட்டைக் குறைப்பதில்லை. ஜூல் கணக்கு அதேதான். சூட்டை டயரிலிருந்து தள்ளி, சக்கர நடுவில் இருக்கும் தகட்டுக்குக் கொண்டுபோய்க் காற்றில் விடுகிறது. டியூப் தப்பித்தது.

நம்ம கம்பி பிரேக் சைக்கிளில் இறங்கியே ஆக வேண்டுமென்றால், பிரேக்கைப் பிடித்தபடியே வராதீர்கள். வளைவுக்கு முன்னால் நேர் ரோட்டில் இரண்டையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விடுங்கள். முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடித்தால் ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டி விழுவான். நாலு வளைவுக்கு ஒருதரம் நிறுத்தி, ரிம்மில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ‘சுர்’ என்றால் வண்டியை ஓரம் கட்டி, ஆறும் வரை உட்காருங்கள்.

இது தார் ரோட்டுக்கு. குரங்கணி பக்கம் ஒற்றையடிப் பாதைகள் ரீபேக் மாதிரியே செங்குத்தானவை, அதோடு காடு. 2018 மார்ச் 11-ல் அங்கே காட்டுத்தீயில் சிக்கி, மலையேற வந்த வெளியூர்க்காரர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகம். இங்கெல்லாம் வனத்துறை அனுமதி வாங்காமல் சைக்கிளைத் தடத்தில் இறக்கக் கூடாது. வெளியூரிலிருந்து வரும் நண்பர் யாராவது கேட்டால் இதையும் சொல்லி அனுப்புங்கள்.