பொருளின் எண்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதி வானம் பார்த்த நிலமாகும். பருத்தி, கம்பு, மல்லி, மிளகாய் முதலியன அங்கே விளைகின்றன. அப்பகுதியிலுள்ள வீரசோழன் வாரச்சந்தையால் பெயர்பெற்ற ஊர். சந்தையிலே வற்றல் வாங்குவோர் அதனைக் கையிலெடுத்து நிறம் பார்ப்பர். ஒடித்துக் காரம் அறிவர். விற்பவர் இன்ன ஊரினர் என்பதையும் கேட்டுக்கொள்வர். அங்கே பொருளுக்கு எண் வேண்டுவதில்லை.

அவ்வற்றலே தூளாகிப் பொட்டலத்தில் அடைபட்டு, மதுரையிலுள்ள பேரங்காடி ஒன்றிற்குச் செல்லுமாயின் நிலைமை வேறாகின்றது. அங்கே ஆயிரக்கணக்கான பொருள்கள் உள்ளன. அவற்றின் பெயரையும் விலையையும் பில் போடுபவர் நினைவில் வைத்திருத்தல் இயலாது. ஆதலின் பொட்டலத்தின் புறத்தே கறுப்புக் கோடுகள் அச்சிடப்பெறுகின்றன. பார்கோடு என மக்கள் வழங்குவது இதுவே. பட்டைக்குறியீடு என்பது தமிழ்ப் பெயர்.

கோடுகளுக்குள் விலை அடங்கியிருப்பதாகப் பலர் கருதுவர். அஃது உண்மையன்று. தரமும் அங்கே இல்லை. உள்ளது 13 இலக்கங்கொண்ட எண் ஒன்றே. ஸ்கேனர் ஒளியைப் பாய்ச்சும்போது கறுப்புக்கோடு அதனை உட்கொள்கிறது. வெள்ளை இடைவெளி திருப்பி அனுப்புகிறது. திரும்பிய ஒளியைக்கொண்டு கோடுகளின் அகலத்தை அளந்து, கருவி அவற்றை எண்ணாக மாற்றுகிறது. அவ்வெண்ணுக்குரிய விலையைக் கடைக் கணினி தன் பட்டியலிலே தேடி எடுக்கிறது. விலை மாறினால் பட்டியலைத் திருத்துவர். கோடுகள் அப்படியே இருக்கும்.

இம்முறையைக் கண்டவர்கள் அமெரிக்கராகிய நார்மன் உட்லண்டு, பெர்னார்டு சில்வர் என்னும் இருவர். உட்லண்டு மயாமிக் கடற்கரையிலே மணலில் விரல்களை இழுத்தபோது, தந்தியின் புள்ளியையும் கோட்டையும் நீட்டினால் என்ன என்று எண்ணினாராம். 1952-இல் அவர்களுக்குக் காப்புரிமை கிடைத்தது. எனினும் கோடுகளைப் படிக்கத்தக்க மலிவான கருவிகள் அன்று இல்லை. 1974 ஜூன் 26-ஆம் நாள், ஒகையோ மாநிலத்து டிராய் நகரக் கடையொன்றில் சூயிங்கம் பொட்டலம் ஒன்று முதன்முதலாக இவ்வாறு விற்கப்பட்டது. சில்வர் அதனைக் காணவில்லை, 1963-லேயே காலமாகிவிட்டார்.

எண்ணின் இறுதி இலக்கம் காவலன் போன்றது. 8901234567890 என்னும் எண்ணை எடுத்துக்கொள்க. முதல் பன்னிரண்டு இலக்கங்களில் ஒற்றைப்படை இடங்களிலுள்ளவற்றின் கூட்டுத்தொகை 28. இரட்டைப்படை இடங்களின் கூட்டுத்தொகை 34. அதன் மும்மடங்கு 102. இரண்டும் சேர 130 ஆகும். இது பத்தால் மீதியின்றி வகுபடுவதால் இறுதி இலக்கம் 0. கோடு மங்கி, ஏழாம் இடத்து 4 என்பது 7 எனப் படிக்கப்படின், தொகை 133 ஆகும்; அதற்குரிய இறுதி இலக்கம் 7. அச்சில் இருப்பதோ 0. கருவி அவ்வெண்ணை ஏலாது.

இனி, எண்ணை அளிப்பவர் யார்? நம் நாட்டில் ஜி.எஸ்.1 இந்தியா என்னும் அமைப்பு இப்பணியைச் செய்கிறது. வீரசோழனில் மகளிர் குழு ஒன்று மிளகாய்த்தூள் செய்வதாகக் கொள்க. குழு தன் பெயரில் அவ்வமைப்பிலே பதிந்து, கட்டணம் செலுத்தி எண்களைப் பெறும். 100 கிராம் பொட்டலத்திற்கு ஓர் எண், 200 கிராமிற்கு வேறு எண், மல்லித்தூளுக்கு மற்றொன்று. அவ்வெண்கள் 890 எனத் தொடங்கும். பதிவு இந்தியாவில் நடந்தது என்பதே அதன் பொருள். சரக்கு இந்நாட்டிலே விளைந்தது என்பதன்று. விளைநிலத்தைக் காட்டுவது புவிசார் குறியீடு. விருதுநகர் சம்பா வத்தல் 2025-இல் அதனைப் பெற்றது.

கட்டணத்திற்கு அஞ்சிச் சிறு உற்பத்தியாளர் சிலர், பிறர் மலிவாக விற்கும் எண்களை வாங்கி ஒட்டுவதுண்டு. கோடுகள் குறைவின்றி அமைந்திருக்கும். ஸ்கேனரும் ஒலி எழுப்பும். ஆனால் பதிவேட்டிலே அவ்வெண் வேறொருவர் பெயரில் இருக்கும். இணைய அங்காடிகள் பெயரை ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாத சரக்கை மறுத்துவிடக்கூடும். அச்சிட்ட உறைகள் அத்தனையும் வீண். எண்ணை வாங்குமுன் அதன் உரிமையாளரை அறிதல் அரிதன்று, ஜி.எஸ்.1 அமைப்பின் இணையப் பக்கத்தில் எண்ணை இட்டால், பதிந்தவரின் பெயர் தெரியும்.