வீட்டுக்குள்ளே ஒரு சர்க்கஸ்



யானைக்கவுனி பகுதியில் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது "பையனுக்குப் பிறந்தநாள் வருது, உள்கடன் கிடைக்குமா?" என்ற கேள்வியை அடிக்கடி கேட்கிறோம். ஹால் வாடகை, கேக், பலூன் என்று ஒரு மாலையில் செலவாகிற பணத்துக்கு மாதக்கணக்கில் தவணை கட்ட வேண்டியிருக்கிறது. கடன் தொழிலுக்கும் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் இருக்கட்டும். ஒரே அறை உள்ள போர்ஷன் வீட்டிலும் எட்டு, பத்து பிள்ளைகளைக் கூட்டி இரண்டு மணி நேரம் சர்க்கஸ் விளையாட்டு நடத்த முடியும். ஒரு சாக்பீஸ், இரண்டு பழைய துப்பட்டா, காலி தண்ணீர் பாட்டில்கள், ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டை போதும். கலர் காகிதம் வேண்டுமானால் ஆண்டர்சன் தெரு பக்கத்திலேயே இருக்கிறது.

முதலில் கயிற்று நடை. தரையில் சாக்பீஸால் பத்தடி நீளத்துக்குக் கோடு போடுங்கள். அதுதான் கயிறு. கட்டில், பெஞ்ச், படிக்கட்டுச் சுவர் எதன்மேலும் ஏற்ற வேண்டாம். கைகளை இரண்டு பக்கமும் நீட்டி, காலைப் பார்க்காமல் எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து நடக்கச் சொல்லுங்கள். நிஜக் கயிற்றில் நடப்பவர் நீளமான கம்பு பிடிப்பது அழகுக்காக அல்ல. நீளமான கம்பு சட்டென்று சாயாது. அதனால் உடம்பும் மெதுவாகச் சாய்கிறது, சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கிறது. கை நீட்டுவதும் அதற்குத்தான். பிள்ளைகளிடம் இதைச் சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு ஒருமுறை, நீட்டிக்கொண்டு ஒருமுறை நடக்க விடுங்கள். வித்தியாசம் அவர்களுக்கே புரியும். பெரிய பிள்ளைகள் தலையில் நோட்டுப் புத்தகம் வைத்து நடக்கலாம். கோட்டை விட்டு விலகினால் "அவுட்" கிடையாது, மறுபடி வரிசையில் நிற்கட்டும். அவுட் வைத்தால் சின்னப் பிள்ளைதான் முதலில் மூலையில் உட்காரும், அப்புறம் அழும்.

அடுத்தது யானை. நம் ஊர்ப் பெயரிலேயே யானை இருக்கிறதே! துப்பட்டாவின் ஒரு முனையில் துணிப் பந்தை முடிந்து, மறுமுனையை மூக்கருகே ஒரு கையால் பிடித்தால் தும்பிக்கை தயார். பாட்டில்களில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி நிறுத்தி, தும்பிக்கையை வீசி விழ வைக்க வேண்டும். துப்பட்டாவைக் கழுத்தில் சுற்ற மட்டும் விடவே கூடாது.

சிங்க வளையத்துக்குத் தீ வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. வளையத்தைத் தரையோடு ஒட்டிப் பிடியுங்கள், இடித்தால் கையை விட்டு விலகும்படி லேசாக. பிள்ளைகள் தவழ்ந்து நுழையட்டும். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்கக் கூடாது என்று மத்திய அரசு 1998-ல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2001-ல் அதை உறுதி செய்தது. "சர்க்கஸ்ல ஏன்மா சிங்கம் இல்ல?" என்று கேட்கிற பிள்ளைக்கு இந்தப் பதிலைச் சொல்லலாம்.

ஜோக்கர் விளையாட்டில்தான் அதிகக் கவனம் வேண்டும். அட்டையில் ஜோக்கர் முகம் வரைந்து, கண்ணைக் கட்டிவிட்டு, மூக்கு இருக்கும் இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டச் சொல்லுங்கள். காதில் ஒட்டினாலும் கன்னத்தில் ஒட்டினாலும் எல்லோரும் படத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் குண்டான பிள்ளையை, உயரம் குறைந்த பிள்ளையை, திக்கிப் பேசும் பிள்ளையை "நீ ஜோக்கரா நில்லுடா" என்று நிறுத்துவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். பெரியவர்கள் விளையாட்டாகச் சொன்னாலும் அந்தப் பெயர் பள்ளிக்கூடம் வரைக்கும் போகும். 1989-ல் வந்த அபூர்வ சகோதரர்கள் படத்து அப்புவை நினைத்துப் பாருங்கள். சர்க்கஸில் எல்லோரையும் சிரிக்க வைத்தவன், தனியாக இருந்தபோது எப்படி அழுதான்? அம்மா, அப்பா, மாமா யாராவது ஜோக்கர் ஆகட்டும். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

வர மாட்டேன் என்று ஒதுங்கும் பிள்ளையைப் பிடித்து இழுத்து "செஞ்சு காட்டு" என்று சொல்ல வேண்டாம். டிக்கெட் கிழிக்கிற வேலை, தட்டு அடிக்கிற வேலை கொடுக்கலாம். நிஜ சர்க்கஸில் எத்தனையோ பிள்ளைகள், நேபாளத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் உட்பட, கட்டாயத்தின் பேரில் வித்தை செய்தார்கள். குழந்தைகள் உரிமை அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்யும்படி 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தெருவில் கயிற்றின் மேல் நடக்கும் சிறுமியைப் பார்த்தால் காசு போட்டுவிட்டு நகராமல் 1098-க்குப் போன் செய்யுங்கள். பெற்றோரைத் திட்டுவதற்காக அல்ல, அந்தப் பிள்ளை பள்ளியில் சேர வழி பிறக்கட்டும் என்பதற்காக.

பலூன் பற்றி ஒரு வார்த்தை. உடைந்த பலூன் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். 8 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் கையில் ஊதாத பலூனையும் கொடுக்காதீர்கள், உடைந்ததை உடனே பொறுக்கிவிடுங்கள். கேஸ் பலூனில் தீப்பற்றும் ஹைட்ரஜன் இருக்கலாம், மெழுகுவர்த்திப் பக்கம் வேண்டவே வேண்டாம். முகத்தில் பெயிண்ட், ஹோலிப் பொடி பூசுவதற்குப் பதில் காகித முகமூடி மாட்டலாம்.

கைப்பிடிச் சுவர் சரியாக இல்லாத மொட்டை மாடியும், வால்டாக்ஸ் சாலைப் பக்கத்து வாசலும் இந்த விளையாட்டுக்கு ஆகாது. மே மாதம் என்றால் மாலை 5 மணிக்கு மேல் ஆரம்பியுங்கள். சாப்பிட வேர்க்கடலை, பொரி, எலுமிச்சை ஜூஸ் போதும். ஆனால் 4 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முழு வேர்க்கடலை புரையேறும். அவர்களுக்கு வாழைப்பழம் கொடுங்கள்.