"அவங்க எல்லாம் அப்படித்தான்"

வேதபகுதி: யோவான் 1:45-49



2023 ஜனவரி 30-ல், நம் மாவட்டத்துத் தண்டராம்பட்டு தாலுகா தென்முடியனூரில், தலைமுறைகளாகத் தடுக்கப்பட்டிருந்த தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். கலெக்டரும் போலீசும் உடன் நிற்க வேண்டியிருந்தது. அந்த வாரம் ஜெபக்கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது இரண்டு பேச்சு என் காதில் விழுந்தது. "அந்த ஜாதிக்காரங்க எல்லாருமே கொடூரமானவங்க" என்றார் ஒருவர். "இந்தக் காலனிக்காரங்களுக்கு எப்பவும் தகராறுதான்" என்றார் இன்னொருவர். ஊழியக்காரனாகிய நான் வாயைத் திறக்கவில்லை. அருகில் நின்ற ஒரு சகோதரன் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். "பாஸ்டர், எங்கம்மா சாகிற வரைக்கும் டீக்கடையில தனி கிளாஸ்லதான் குடிச்சாங்க. இங்க எல்லாருக்கும் ஒரே டம்ளர்னுதான் நான் வந்தேன்" என்றார். எனக்குப் பதில் இல்லை.

அன்றிரவு முழங்காலில் நின்று கற்றுக்கொண்ட மூன்று காரியங்கள்:

1. போய்ப் பாருங்கள். நாசரேத்து என்றதும் நாத்தான்வேல் ஊரை வைத்தே ஆளை எடை போட்டான். பிலிப்பு வாதாடவில்லை, வந்து பார்க்கும்படி கூப்பிட்டான். நேரில் கண்டதும் நாத்தான்வேலின் எண்ணம் மாறிப்போனது. நாம் குறை பேசுகிற தெருவில் யார் வீட்டிலாவது உட்கார்ந்து தண்ணீர் குடித்திருக்கிறோமா?

2. குற்றத்தைச் சொல்லுங்கள், குலத்தைச் சொல்லாதிருங்கள். 1871-ல் வெள்ளைக்காரர் அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. ஒருவன் என்ன செய்தான் என்று பாராமல், பிறப்பை வைத்தே முழு சமுதாயங்களையும் குற்றவாளிகளாக எழுதியது. நம் குறவர் மக்களும் அதில் அகப்பட்டார்கள். 1952-ல் சட்டம் ஒழிந்தது. நம் நாக்கில் இன்னும் ஒழியவில்லை. கோயில் வாசலை அடைத்தது அநியாயம், அதைத் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் அந்த ஜாதியில் பிறந்த பிள்ளை வரைக்கும் தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

3. காயப்பட்டவரைப் பேச விடுங்கள். "எல்லாரையும் சேர்த்துச் சொல்லாதீங்க" என்று சொல்லி அவர் வாயை அடைப்பதும் பாவமே. "அது கோயில் விஷயம், சபையில ஜாதி இல்லை" என்றும் தப்பிக்க முடியாது. 1833-ல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வித்தியாசம் கூடாது என்று கட்டளையிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அநேகர் சபையை விட்டே போனார்கள். இன்று நம் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதலில் எதைக் கேட்கிறோம்?

அடுத்த ஞாயிறு, நான் மௌனமாய் நின்றதைச் சபைக்கு முன்பாக அறிக்கையிட்டேன். மூன்று வாரம் கழித்து அந்தச் சகோதரன் வந்தார். டீயை நானே எடுத்துக் கொடுத்தேன்.

பிரியமானவர்களே, இந்த வாரம் "அவங்க எல்லாம்" என்று வாயில் வந்தால் சற்று நிறுத்துங்கள். யார்? என்ன செய்தார்? நான் கண்டேனா? இந்த மூன்றையும் கேட்டுவிட்டுப் பேசுங்கள். கர்த்தர் நம் வாய்க்குக் காவல் வைப்பாராக. ஆமென்.