மருந்துக்கு முன்னால் எண்ணிக்கை

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. ஓசூர்ப் பக்கம் ஒரு ஏக்கர் பாலிஹவுஸில் குடைமிளகாய் நட்டிருக்கிறாய் என்று உன் அப்பா சொன்னான். முதல் பயிருக்கு வாராவாரம் என்னென்ன மருந்து அடிக்கலாம் என்று அட்டவணை ஒன்று போட்டுத் தரச் சொன்னாயாம். அட்டவணை தரப்போவதில்லை. ஏன் என்பதையும், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதையும் எழுதுகிறேன்.

திறந்த வயலில் பூச்சியை அடக்கி வைப்பது நாம் மட்டுமல்ல. மழை கழுவிவிடுகிறது, காற்று உதிர்க்கிறது, பொறிவண்டும் குளவியும் சிலந்தியும் தின்று தீர்க்கின்றன. பாலிஹவுஸில் செடியின் நன்மைக்காக இவை எல்லாவற்றையும் வெளியே நிறுத்திவிட்டோம். உள்ளே தப்பி வந்த பூச்சிக்கு வெதுவெதுப்பும் இளந்தளிரும் உண்டு, எதிரி கிடையாது. நல்ல வெயில் காலத்தில் செஞ்சிலந்தியின் முட்டை பத்து நாளுக்குள் முட்டையிடும் தாயாகிவிடும். அந்தத் தாய் நூறு முட்டை வரை இடும். அசுவினி ஆணைத் தேடிக் காத்திருப்பதே இல்லை. நேராகக் குட்டி போடும்.

அப்படியானால் மருந்தைக் கூட்டத்தானே வேண்டும் என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். செஞ்சிலந்தி, வெள்ளை ஈ, இலைப்பேன் மூன்றிலும் கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கிறது. அந்த ஆணுக்கு ஒவ்வொரு மரபணுவும் ஒற்றைப் பிரதிதான். மருந்தைத் தாங்கும் மரபணு ஒன்று தோன்றிவிட்டால் அது ஆணிடம் மறைந்து கிடக்க முடியாது. மருந்தடித்த அன்றே அது உள்ள ஆண் பிழைக்கும், இல்லாதது சாகும். பிழைத்ததன் பெண் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த மரபணு போய்ச் சேரும். ஒரே மருந்தை வாராவாரம் அடித்தால் சில மாதத்திலேயே அது வேலை செய்யாமல் போவதன் ரகசியம் இதுதான். கடைக்காரர் கலப்படம் செய்தார் என்று சண்டைக்குப் போவதற்கு முன் இதை நினைத்துக்கொள்.

இலைப்பேன், அதாவது நம் ஆட்கள் திரிப்ஸ் என்பது, இன்னும் கெட்டிக்காரப் பூச்சி. முட்டையை இலைத் திசுவுக்குள் செருகி வைக்கும், வளர்ந்ததும் பூவுக்குள்ளும் மொட்டுக்குள்ளும் ஒளியும், கூட்டுப்புழுப் பருவத்தைப் பெரும்பாலும் மண்ணில் கழிக்கும். மேலாக அடிக்கும் மருந்து இந்த மூன்று இடத்துக்கும் சரியாகப் போய்ச் சேராது.

மருந்தை மட்டும் நம்பக் கூடாது என்ற இந்தப் பாடத்தைக் கண்ணாடிக்குடில் விவசாயிகள் உலகெங்கும் பட்டுத்தான் கற்றார்கள். 1926-இல் இங்கிலாந்தில் ஒரு தக்காளிக் குடிலில் வெள்ளை ஈக் குஞ்சுகளுக்கு நடுவே கறுத்துப் போன சில கண்ணில் பட்டன. செஷன்ட் ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்பேயர் என்ற பூச்சியியலாளர் அவற்றை வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலிருந்தும் கடுகளவுகூட இல்லாத குளவி வெளியே வந்தது. என்கார்சியா ஃபார்மோசா என்ற அந்தக் குளவி வெள்ளை ஈக் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்னும். சில ஆண்டுகளில் அந்த நிலையம் லட்சக்கணக்கில் அதை வளர்த்துக் குடில்காரர்களுக்கு அனுப்பியது. இரண்டாம் உலகப்போர் முடிந்து டி.டி.டி. போன்ற மருந்துகள் வந்ததும் குளவியை எல்லாரும் மறந்தார்கள். பூச்சிகள் மருந்துக்குப் பழகிய பிறகு மறுபடி தேடினார்கள். 1960-களில் நெதர்லாந்தில் வெள்ளரிக் குடில் வைத்திருந்த யான் கோப்பர்ட், செஞ்சிலந்தியைத் தின்னும் ஃபைட்டோசீயுலஸ் என்ற இரைவிழுங்கிச் சிலந்தியை வளர்க்கத் தொடங்கினார். பிறகு அதையே தொழிலாக்கி மற்றவர்களுக்கும் விற்றார்.

உன் பயிருக்கு நேராகப் பொருந்தும் கதை ஸ்பெயினில் இருக்கிறது. தெற்கே அல்மேரியா மாவட்டத்தில் ஏறத்தாழ 30,000 ஹெக்டேரில் பிளாஸ்டிக் குடில்கள். 2006 கடைசியில் அங்கிருந்து ஜெர்மனிக்குப் போன குடைமிளகாயில் ஐரோப்பாவில் அனுமதியில்லாத ஐசோஃபென்ஃபாஸ்-மெத்தில் என்ற மருந்தின் எச்சம் பிடிபட்டது. வாங்குபவர்கள் கைவிரித்தார்கள். அடுத்த ஓரிரு பருவத்திலேயே அங்குள்ள குடைமிளகாய்ப் பரப்பில் பெரும்பகுதி நன்மை செய்யும் பூச்சிகளுக்கு மாறியது. அவர்கள் நம்பியது முக்கியமாக இரண்டை. ஒன்று, ஓரியஸ் என்ற சிறு மூட்டுப்பூச்சி இனம். பூவுக்குள் புகுந்து இலைப்பேனைக் குத்தி உறிஞ்சும். மற்றொன்று ஸ்விர்ஸ்கி என்ற இரைவிழுங்கிச் சிலந்தி; வெள்ளை ஈ முட்டையையும் இலைப்பேன் குஞ்சையும் தின்னும்.

இந்த இரண்டும் ஏன் ஜெயித்தன என்பதைக் கவனி. இரை கிடைக்காத நாளில் இவை குடைமிளகாய்ப் பூவின் மகரந்தத்தைத் தின்று உயிர் வாழும். அதனால் பூச்சி வருவதற்கு முன்பே விட்டு வைக்கலாம். ஃபைட்டோசீயுலஸ் அப்படியல்ல. செஞ்சிலந்தி இல்லாவிட்டால் பட்டினி கிடந்து சாகும். செஞ்சிலந்தி தென்பட்ட இடத்தில் மட்டும் விட வேண்டும். காற்று வறண்டாலும் அது சுணங்கிவிடும். எந்த நண்பனை எப்போது அழைப்பது என்று தெரிவதுதான் இந்த வித்தையில் பாதி.

நம் ஊரில் அவற்றை எல்லாம் கடையில் வாங்கிவிட முடியாது. வெளிநாட்டுப் பூச்சியைக் கொண்டுவர மத்திய அரசின் அனுமதி வேண்டும். அது நியாயமான கட்டுப்பாடுதான். முறையாகக் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எதையும் விடவில்லை. அடித்த மருந்துக்கும் அடங்கவில்லை. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி அது. இங்கே வந்தபோது அதன் எதிரி கூட வரவில்லை. 2010-இல் பெங்களூரில் உள்ள தேசியப் பூச்சி நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதைப் பெருக்கி ஊர் ஊராக விட்டது. மாவுப்பூச்சி அடங்கியது. உன் பாலிஹவுஸும் இப்படித்தான்: பூச்சி உள்ளே நுழைந்துவிடும், எதிரியை நீதான் கூட்டி வர வேண்டும். பெங்களூர் உனக்குப் பக்கம். கண்ணாடி இறக்கைப் பூச்சி, பொறிவண்டு வகைகளை அந்த நிறுவனத்தில் விசாரி. கோவையில் பல்கலைக்கழகத்திலும் கேள்.

இனி நீ செய்ய வேண்டியவை.

முதலில் வாசல். இரண்டு கதவு வைத்து நடுவில் சிறு அறை விடு. ஒன்று மூடிய பிறகே மற்றொன்று திறக்க வேண்டும். பக்கவாட்டு வலையில் ஒரு கிழிசல்கூட இருக்கக் கூடாது. வலை நெருக்கமானால் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதே. இலைப்பேனை முழுக்கத் தடுக்க ஓட்டை 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அவ்வளவு நெருக்கினால் காற்றோட்டம் குறைந்து உள்ளே வெக்கை ஏறும். ஆகவே வலையால் வெள்ளை ஈயையும் அசுவினியையும் பெரும்பாலும் தடுப்போம், இலைப்பேனை வேறு வழியில் பிடிப்போம். நாற்று வந்ததும் நேராக உள்ளே கொண்டு போகாதே. தனியே வைத்து இலையின் அடிப்பக்கத்தைப் பார். பூச்சி பெரும்பாலும் நாற்றோடுதான் வரும். குடிலைச் சுற்றிக் களையும், பழைய பயிரின் குப்பையும் இருக்க விடாதே.

அடுத்தது எண்ணிக்கை. 100 சதுர மீட்டருக்கு ஒரு மஞ்சள் ஒட்டு அட்டை கட்டு; உன் ஒரு ஏக்கருக்கு 40 வரும். இலைப்பேனுக்காக நடுநடுவே நீல அட்டையும் தொங்கட்டும். செடியின் நுனிக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். செடி வளர வளர உயர்த்து. ஒவ்வொரு அட்டைக்கும் எண் கொடுத்து, வாரம் ஒரே கிழமையில் எண்ணி நோட்டில் எழுது. அட்டையில் சிக்குவது பறப்பவை மட்டுமே. செஞ்சிலந்திக்கு இறக்கை கிடையாது. அதைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் இலையின் அடியில்தான் பார்க்க முடியும். பூவை வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் இலைப்பேன் விழுந்து ஓடும். கதவோரமும் வெயில் அதிகம் படும் மூலையும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்.

ஒரு வாரத்து எண் ஒன்றும் சொல்லாது. போன வாரத்தோடு ஒப்பிட்டால்தான் பேசும். 1959-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஸ்டெர்ன் என்ற பூச்சியியலாளரும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரையில் எப்போது கை வைப்பது என்பதைத் தெளிவாகச் சொன்னார்கள்: பூச்சி இருப்பதே நஷ்டம் அல்ல, அது செய்யும் சேதம் மருந்துச் செலவைத் தாண்டும் என்ற நிலை வரும்போதுதான் கை வைக்க வேண்டும்.

அந்த நிலை வந்தால் மருந்தடிக்கலாம்; நான் மருந்துக்கு விரோதி அல்ல. முதலில் எங்கே பரவியிருக்கிறதோ அந்த வரிசைக்கு மட்டும் அடி. வேம்பு, பூச்சியைத் தாக்கும் பெவேரியா போன்ற பூஞ்சாணம், பிறகு ரசாயனம் என்று படிப்படியாகப் போ. வேம்பும் பூஞ்சாணமும் மாலையில் அடித்தால் வெயிலில் வீணாகாது. ரசாயனம் தேவைப்பட்டால் பெயரை மாற்றினால் போதாது. செயல்படும் விதம் வேறாக உள்ள மருந்தாக மாற்று. டப்பாவில் உன் பயிருக்கும் அந்தப் பூச்சிக்கும் பரிந்துரை இருக்கிறதா, அடித்த பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று பார். டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறத்தை நம்பி ஏமாறாதே. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எல்லாம் மனிதருக்கு எவ்வளவு ஆபத்து என்பதைக் காட்டுபவை. பொறிவண்டுக்கு என்ன ஆகும் என்று அவை சொல்லாது. பைரித்ராய்டு வகை மருந்துகள் வாரக்கணக்கில் இலையில் தங்கி நண்பர்களைக் கொல்லும். அதன் பிறகு செஞ்சிலந்தி முன்னைவிட அதிகமாகக் கிளம்பும்.

கடைசியாக ஒன்று. தினமும் பழம் பறிக்கும் பெண்களின் கண்ணுக்குத்தான் எந்தப் பூச்சியும் முதலில் படும். நீ வாரம் ஒரு முறை பார்ப்பதை அவர்கள் கை தினமும் தொடுகிறது. ஆளுக்கொரு லென்ஸ் வாங்கிக் கொடு, சுருண்ட தளிரைக் கண்டால் அந்தச் செடியில் ஒரு சிவப்பு நாடா கட்டச் சொல், அந்த நேரத்தையும் கூலியில் சேர். மருந்தடித்த நாளில் டப்பாவில் எழுதிய நேரம் ஆகாமல் அவர்களை உள்ளே அனுப்பாதே. நல்ல குடில்காரி யார் என்று என்னைக் கேட்டால், தன் ஆட்கள் தயங்காமல் வந்து பூச்சியைக் காட்டும்படி நடந்துகொள்பவள் என்பேன்.

அன்புடன்,
பெரியப்பா