கிணற்று உவர்மானியை வலையமைப்பில் இணைத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லினுள் இறங்கி, கடல் நீரின்மேல் மிதந்து நிற்கிறது. அந்த நன்னீரே நமது கிணற்று நீராகும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைப் பலரும் அறிவர். நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்தால், கீழுள்ள உவர்நீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி உயரக்கூடும் என்பது கணக்கு. வெங்காயமோ உவரைத் தாங்காத பயிர். ஆகவே இறைப்பின்போது உவரின் அளவை அறிந்து, பம்பியை வேளையோடு நிறுத்துதல் வேண்டும்.

கிணற்றில் இறக்கும் உவர்மானி தன் அளவைச் சீரியல் கம்பி வழியே கூறும். அக்கம்பியை வீட்டு வலையமைப்போடு சேர்க்கச் சிறு மாற்றுக்கருவி உண்டு. நாம் வேண்டியபோது அளவைக் கேட்டறிய, அக்கருவி வரும் அழைப்பை ஏற்கக் காத்திருத்தல் வேண்டும். அதனை அமைக்கும் முறை பின்வருமாறு:

1. கம்பி அமைப்பு: வேகம், தரவு பிட், சமநிலை பிட், நிறுத்த பிட் ஆகிய நான்கும் மானியின் கைந்நூலில் உள்ளவாறே இருத்தல் வேண்டும். உதாரணம்: 9600, 8, இல்லை, 1. ஒன்று பிழைத்தாலும் மறுமொழி வராது.

2. நிலையான முகவரி: றவுட்டர் தானாக வழங்கும் முகவரி மாறக்கூடும். வீட்டிலக்கம் மாறிக்கொண்டிருந்தால் தபாற்காரர் என்ன செய்வார்? ஆதலால் வேறு கருவி எதற்கும் வழங்கப்படாத ஒரு முகவரியைக் கையால் இடுக. உதாரணம்: 192.168.1.50.

3. இயங்கும் முறை: 'ரி.சி.பி. சேர்வர்' என்பதைத் தெரிந்து, 4001 போன்ற ஒரு போர்ட் எண்ணை இடுக. இவ்வெண்ணே அழைப்பு நுழையும் வாயில்.

4. தொடர்பின் எண்ணிக்கை: ஒன்று போதும். இருவர் ஒருங்கே கேட்டால் விடைகள் கலந்துவிடும். பேச்சின்றிக் கிடக்கும் தொடர்பு 5 நிமிடத்தில் தானே அறும்படியும் செய்க. அன்றேல், பழைய தொடர்பு வாயிலை அடைத்து நிற்கும்.

5. சோதனை: அமைப்பைச் சேமித்துக் கருவியை மீள இயக்கியபின், அதே வலையமைப்பிலுள்ள கணினியிலிருந்து அம்முகவரியையும் எண்ணையும் அழைத்துப் பார்க்க.

எச்சரிக்கை: கருவியின் கடவுச்சொல்லை முதல் வேலையாக மாற்றுக. ஆயினும் அது பெரும்பாலும் அமைப்புப் பக்கத்தை மாத்திரமே காக்கும். தரவு வாயிலுக்குப் பூட்டு இராது. அதே கம்பியில் பம்பியின் ஆளியும் இருப்பின், உள்ளே நுழையும் அந்நியர் பம்பியை இரவெல்லாம் ஓடவிடலாம், கிணறு உவராகலாம். ஆகையால் றவுட்டரில் இவ்வாயிலை இணையத்துக்குத் திறந்துவிடலாகாது. வெளியிலிருந்து பார்க்க வேண்டின் வி.பி.என். வழியே வருக.

உக்ரெயினில் 2015 டிசம்பர் 23ஆந் திகதி, களவாடிய கடவுச்சொற்களுடன் நுழைந்தோர் மின்சாரத்தைத் துண்டித்து, உப நிலையங்களில் இருந்த இத்தகைய மாற்றுக்கருவிகளையும் பழுதாக்கினர். ஏறத்தாழ 225,000 பாவனையாளர் இருளில் இருந்தனர். ஊழியர் நேரிற் சென்றே ஆளிகளை இயக்க நேர்ந்தது.

வாயிலைத் திறக்குமுன் காவலை அமைத்துக்கொள்க. ஐயம் இருப்பின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.