நாய்க்குட்டிக்குப் பால் ஊற்றும் ரவுடி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கதையைப் படித்தேன். திருவொற்றியூரிலேயே பிறந்து வளர்ந்த நீயும் காசிமேட்டு ஆளைக் கைலி, கத்தி, கெட்ட வார்த்தை சகிதமாகத்தான் கொண்டுவந்து நிறுத்துகிறாய். சினிமாக்காரர்கள் வந்து போகிறவர்கள், விட்டுவிடலாம், நீயுமா? கடைசிப் பத்தியில் அவன் நாய்க்குட்டிக்குப் பால் ஊற்றுகிறான். நல்ல மனசுள்ள ரவுடியும் அரைத்த மாவுதான் தம்பி.

அதற்காக ஆளையே மாற்றிவிடாதே. புதுமைப்பித்தன் 1934-இல் எழுதிய ‘பொன்னகரம்’ படித்துப் பார். மில் வேலைக்குப் போகும் அம்மாளு. குடித்துவிட்டு ஜட்காவில் ரேஸ் விட்டு அடிபட்டுக் கிடக்கும் புருஷன். ஏழைத் தெரு என்றதும் யாருக்கும் தோன்றுகிற இருவர்தான். ஆனால் அவன் பால் கஞ்சி கேட்கிறான். அவள் கையில் காசில்லை. முக்கால் ரூபாய்க்காக அவள் இருட்டுக்குள் போகும்போது, ‘கெட்டுப்போனவள்’ என்று சொல்ல வரும் வாசகனின் வாயை அந்தக் கஞ்சி அடைத்துவிடுகிறது. இத்தனைக்கும் கதை சில பக்கங்கள்தான்.

உன் ஆளுக்கு அப்படி என்ன தேவை? விசைப்படகில் கடலுக்குப் போகிறவன் என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கத்திக்குத் தாவிவிட்டாய். அந்த வரியில்தான் கதை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். ஃபைபர் படகுகள் மட்டும் கரையோரமாகப் போய்வரும். அரசு தரும் நிவாரணத்தில் எத்தனை நாள் ஓட்டுவான்? இரண்டாம் பக்கத்தில் இவனிடம் மூக்குடைபட்ட மச்சானிடம் ஒரு ஃபைபர் படகு இருக்கிறது என்று வை. ஜூன் பிறந்துவிட்டது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டவேண்டும். குப்பத்துக் கரையில் விடியற்காலை அந்தப் படகைத் தள்ள ஓர் ஆள் குறைகிறது. இவன் போவானா? போனால் மச்சானிடம் முதலில் என்ன பேசுவான்? ஒன்றும் பேசாமல் வலையைப் பிரிக்க உட்கார்ந்துவிடுவானா? எனக்கு இந்தக் கடைசி வழி பிடித்திருக்கிறது. உனக்கு வேறு தோன்றலாம். முரட்டுத்தனத்தை மட்டும் குறைக்காதே. பங்குப் பணத்தை வாங்கும்போதுகூட அவன் முறைக்கட்டும்.

நாய்க்குட்டிப் பத்தியை அடித்துவிடு. தடைக்காலத்தில் ஒருநாள் துறைமுகத்தில் போய் உட்கார்ந்து, கட்டிக் கிடக்கும் படகுகளில் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, மறுபடி எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்