முதலில் வரைபடம், கடைசியில் ஐபேட்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். தனியார் விமானிக்கான பிபிஎல் உரிமம் கைக்கு வந்துவிட்டது என்று உன் அப்பா போனில் சொன்னதிலிருந்து வீடு முழுக்க உன் பேச்சுதான். எந்த ஐபேட் வாங்கலாம், செயலி ஃபோர்ஃப்ளைட்டா கார்மின் பைலட்டா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். பிறந்து வளர்ந்த தீவுகளின் மேல் ஒருநாள் நீயே விமானம் ஓட்டிப் போக வேண்டும் என்ற ஆசையையும் எழுதியிருக்கிறாய். இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். அந்தமான் வானத்துக்கு எந்தக் கருவி பொருந்தும் என்பதை அமெரிக்க விமானிகளின் காணொளிகளைப் பார்த்து முடிவு செய்ய முடியாது.

புதிதாக உரிமம் பெறுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் டேப்லெட்டை வாங்கிவிடுகிறார்கள். பிறகு அதில் ஓடும் செயலியைத் தேடுகிறார்கள். தாங்கள் பறக்கும் பகுதிக்கான வரைபடமும் தகவலும் அந்தச் செயலியில் உண்டா என்பதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். வீட்டில் அரிசி உண்டா என்று பாராமல் உலை வைக்கிற வேலை இது. வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்: முதலில் தகவல், அடுத்து செயலி, கடைசியில் டேப்லெட்.

அமெரிக்காவில் எந்த வரிசையில் வாங்கினாலும் பெரிய தொல்லை இல்லை. அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ தன் வரைபடங்களை மின்வடிவில் இலவசமாகத் தருகிறது. ஆண்ட்ராய்டில் ஓடும் அவாரே செயலி காசு வாங்காமல் இயங்குவது அதனால்தான். வானிலையையும் தரை நிலையங்கள் வழியாக இலவசமாக ஒலிபரப்புகிறார்கள். விமானத்தில் சின்ன ரிசீவர் ஒன்று இருந்தால், மழைமேகங்களின் ரேடார் படம் டேப்லெட்டில் வந்து உட்கார்ந்துவிடும். அதே ரிசீவரை வங்காள விரிகுடாவுக்கு மேல் கொண்டுவந்தால் மழைப்படம் வராது. இந்தியாவில் அந்த ஒலிபரப்பு கிடையாது.

இங்கே அதிகாரபூர்வமான தகவல் என்றால் அது இந்திய விமான நிலைய ஆணையம் வெளியிடும் ஏஐபி எனும் விமானத் தகவல் தொகுப்புதான். இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். மாற்றங்கள் 28 நாள் சுழற்சியில் வருகின்றன. ஃபோர்ஃப்ளைட்டில் இந்திய விமான நிலைய வரைபடங்கள் வேண்டுமானால் ஜெப்சன் நிறுவனத்தின் தரவுக்குத் தனியே பணம் கட்ட வேண்டியிருக்கும். ஐரோப்பாவில் கொடிகட்டிப் பறக்கும் ஸ்கைடெமன், அந்தக் கண்டத்தை மனத்தில் வைத்து உருவான செயலி. பெரிய செயலிகள் ஏறக்குறைய ஒரு மாத இலவசச் சோதனைக் காலம் தருகின்றன. எதற்கும் பணம் கட்டுமுன் அந்த மாதத்தைப் பயன்படுத்திக்கொள்.

சோதனையைப் போர்ட் பிளேரிலிருந்தே தொடங்கலாம். 2024 செப்டம்பரில் நகரம் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஹேவ்லாக், நீல் தீவுகள் 2018 இறுதியில் ஸ்வராஜ் தீவு, ஷாஹீத் தீவு ஆயின. செயலிகள் எந்தப் பெயரை ஏற்றிருக்கின்றன என்று குழம்பாமல் விஓபிபி என்ற நான்கெழுத்துக் குறியீட்டைப் போட்டுத் தேடு. வீர் சாவர்க்கர் விமான நிலையத்தின் 3,290 மீட்டர் ஓடுதளம் சரியாக வருகிறதா? அது கடற்படையின் ஐஎன்எஸ் உத்குரோஷ் தளம் என்பதும், பயணிகள் பகுதி அதற்குள் ஓர் ஒதுக்கீடுதான் என்பதும் தெரிகிறதா? வடகிழக்கு முனையில் மேடு இருப்பதால் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வந்து இறங்கி, அதே பக்கமாகவே கிளம்புகின்றன. நிலத்தின் உயரத்தைக் காட்டும் அடுக்கில் அந்த மேடு தெரியாவிட்டால் அந்தச் செயலி இந்தத் தீவுக்கு உதவாது.

அடுத்து, 'அருகிலுள்ள விமான நிலையம்' என்ற பொத்தானை அழுத்திப் பார். வடக்கே திக்லிபூர் பக்கம் ஷிப்பூர், தெற்கே கார் நிக்கோபார், கடைக்கோடியில் கேம்ப்பெல் பே என்று வரிசையாக வரும். முதலாவது 2019-இல் ஐஎன்எஸ் கோஹாசா ஆன கடற்படைத் தளம். இரண்டாவது விமானப்படைத் தளம். 2004 சுனாமியில் பேரிழப்பைச் சந்தித்த இடம். மூன்றாவது 2012-இல் தொடங்கிய ஐஎன்எஸ் பாஸ். ஆபத்தில் எந்த ஓடுதளமும் ஓடுதளமே. ஆனால் பயணத்தைத் திட்டமிடும்போது, முன் அனுமதி இல்லாத தனியார் விமானிக்கு இவை மூன்றும் இல்லாதவைதான். பொத்தானுக்கு அந்த வேறுபாடு தெரியாது. மழை மறைத்தால் பெரிய விமானங்களே சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ திரும்பிவிடும் ஊர் இது.

வடக்கு சென்டினல் தீவையும் பார்க்க வேண்டும். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு விதிகளின் கீழ், அந்தத் தீவைச் சுற்றி ஐந்து கடல் மைலுக்குள் யாரும் நெருங்கக் கூடாது. வெளிநாட்டில் தயாரான வரைபடம் அதை வட்டமிட்டுக் காட்டும் என்று எதிர்பார்க்காதே. செயலியில் அந்த வட்டத்தை நீயே வரைந்து சேமித்துவை. வேடிக்கை பார்க்கக்கூட அந்தப் பக்கம் தாழப் பறக்கக் கூடாது. அங்குள்ள பழங்குடியினரைத் தொந்தரவில்லாமல் வாழவிடுவது தீவுக்காரர்களான நம் எல்லோருடைய கடமை.

விமானிகளுக்கு வெளியிடப்படும் நோட்டாம் அறிவிப்புகள் இங்கே உயிர்நாடி. ஏவுகணைச் சோதனைக்காக வான்பரப்பை மூடுவது இந்தக் கடலில் அடிக்கடி நடக்கும். 2025 மே 23, 24 தேதிகளில் அந்தமான் வான்பரப்பின் ஒரு பகுதி காலை 7 முதல் 10 மணி வரை மூடப்பட்டிருந்தது. அறிவிப்பில் நேரம் உலக நேரப்படி 01.30 முதல் 04.30 என்றுதான் இருக்கும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால், மூடிய வானத்துக்குள் நுழைந்துவிடுவாய். செயலி எந்த நேரத்தைக் காட்டுகிறது என்பதை அமைப்புகளில் பார்த்து நிலையாக வைத்துக்கொள். சூரிய அஸ்தமனமும் அப்படித்தான். இந்திய நேரம் மேற்கே வெகுதூரத்தில் ஓடும் தீர்க்கரேகைக்கானது. டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கே சூரியன் இறங்கிவிடும். கண்பார்வை விதிப்படி பறப்பவருக்கு அஸ்தமனத்துக்குப் பிறகு இருபது நிமிடம்தான் சட்டம் தரும் அவகாசம். சென்னையில் பயிற்சி பெற்ற கண்ணுக்கு இந்த மாலை ரொம்பச் சீக்கிரம் வரும்.

இனி தூரக் கணக்கு. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு வான்வழி ஏறத்தாழ 740 கடல் மைல். பயிற்சியில் பழகும் செஸ்னா 172 வகையில் புதிய மாடலுக்கே அதிகபட்ச எட்டும் தூரம் 640 கடல் மைல் அளவுதான். போதாக்குறைக்கு, கட்டுப்பாட்டு வான்பரப்பில் கரையிலிருந்து 100 கடல் மைலுக்கு அப்பால் கண்பார்வை விதிப்படி பறக்க இந்திய விதி இடம் தராது. திரையில் விரலை வைத்து இழுத்தால் செயலி ஊதாக் கோடு ஒன்றை அழகாகப் போட்டுத் தரும். அதைப் பறக்கும் தகுதி விமானத்துக்கும் விமானிக்கும் இருக்கிறதா என்று அது கேட்காது. சிறிய விமானம் இங்கே பறந்ததே இல்லை என்றும் இல்லை. 2010 இறுதியில் பவன் ஹன்ஸ் நிறுவனம் 'ஜல் ஹன்ஸ்' என்று செஸ்னா 208 வகைக் கடல் விமானத்தை அறிமுகப்படுத்தி, இந்தத் தீவுகளுக்கிடையே ஓட்டியது. உன் ஆசைக்கு வழி உண்டு. அதற்கு இன்னும் சில தகுதிகளும் பெரிய விமானமும் தேவை.

போர்ட் பிளேரிலிருந்து கார் நிக்கோபார் ஏறக்குறைய 150 கடல் மைல். 110 நாட் வேகத்தில் ஒரு மணி இருபத்திரண்டு நிமிடம். லிட்டில் அந்தமானைத் தாண்டியதும் பத்து டிகிரி கால்வாய். கீழே தண்ணீரைத் தவிர வேறு அடையாளம் இல்லை. காற்றைத் தவறாகக் கணித்துத் தடம் ஐந்து டிகிரி விலகினால் முடிவில் பதின்மூன்று கடல் மைல், அதாவது ஏறக்குறைய 24 கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பாய். கார் நிக்கோபார் தட்டையான தீவு. மழைக்கால மூட்டத்தில் கண்ணுக்கு ஐந்து கிலோமீட்டர்தான் தெரிகிறது என்றால், தீவு பக்கத்தில் கடந்துபோவதே தெரியாது. இந்த இடத்தில் ஜிபிஎஸ் பெரிய வரம். அந்த வரம் நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்கும் பதில் கையில் இருக்க வேண்டும்.

நின்றுபோகும் என்பது வெறும் பயம் இல்லை. 2023 நவம்பரில் இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்காளரான டிஜிசிஏ, செயற்கைக்கோள் சமிக்ஞைகளில் குறுக்கீடும் போலிச் சமிக்ஞையும் பெருகுவது குறித்து வழிகாட்டும் சுற்றறிக்கையே வெளியிட்டது. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு மியான்மருக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன நம் விமானப்படை விமானங்களும் போலி ஜிபிஎஸ் சமிக்ஞையை எதிர்கொண்டன. மியான்மர் நமக்கு அண்டை வீடு. அந்த விமானங்களில் செயற்கைக்கோளை நம்பாத வழிகாட்டும் கருவிகள் இருந்தன. தனியார் விமானியிடம் இருப்பவை திசைகாட்டியும் கைக்கடிகாரமும் தாளும்தான். ஆகவே தாளில் கோடு போட்டு, பத்து நிமிடத்துக்கு 18 கடல் மைல் என்று புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் திரையோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகும்வரை திரையை நம்பலாம்.

செயலி முடிவான பிறகு டேப்லெட். ஃபோர்ஃப்ளைட் ஆப்பிள் கருவிகளில் மட்டுமே ஓடும். கார்மின் பைலட் ஆண்ட்ராய்டிலும் உண்டு. ஐபேட் என்றால் ஒரே ஒரு கட்டாயம்: செல்லுலார் மாடலாக இருக்க வேண்டும். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் ரிசீவரே கிடையாது. விலை குறைவு என்று அதை வாங்கியவர்கள் வானத்தில் ஏறிய பிறகுதான் அதை அறிகிறார்கள். செல்லுலார் மாடலில் சிம் போட வேண்டிய கட்டாயம் இல்லை. சிம் இல்லாமலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். முதல் தடவை இடத்தைப் பிடிக்கச் சற்று நேரமாகும், அவ்வளவுதான். சின்ன காக்பிட்டில் தொடைமேல் கட்டிக்கொள்ள மினி அளவே போதும்.

சூடு அடுத்த எதிரி. ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் வேலை வெப்பநிலை 35 டிகிரி வரைதான். கண்ணாடிக் கூண்டுக்குள், வெயில் நேராக அடிக்கும் இடத்தில், தடித்த உறைக்குள் வைத்து சார்ஜும் போட்டால் திரை முதலில் மங்கும், பிறகு வெப்பநிலை எச்சரிக்கை மட்டும் நிற்கும், வரைபடம் போய்விடும். கண்ணாடியில் ஒட்டாமல் நிழலில் பொருத்து, உறையைக் கழற்று, காற்று வரும் திசையில் வை, முழு சார்ஜோடு கிளம்பு. உறுதிக்குப் போனிலும் அதே செயலியை ஏற்றிவை.

2015 ஏப்ரல் 28 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸில் நடந்ததை நினைவில் வை. பதினாறு கிலோ எடையுள்ள காகிதப் பைகளுக்குப் பதிலாக விமானிகளிடம் ஐபேட் இருந்தது. வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தின் வரைபடம் ஒன்று தரவில் இருமுறை பதிவாகியிருந்தது. அந்த ஒரு பிழையால் செயலி முடங்கியது. டஜன் கணக்கில் விமானங்கள் தாமதமாயின. சில விமானங்கள் வைஃபை பிடித்துச் செயலியைச் சரிசெய்வதற்காக வாயிலுக்கே திரும்பின. அதே வசந்தத்தில் வந்த ஐஓஎஸ் 8.3 புதுப்பிப்பு, வெளியிலிருந்து இணைக்கும் ஜிபிஎஸ் கருவிகள் பலவற்றை வேலை செய்யவிடாமல் ஆக்கியது. பறப்பதற்கு முதல் நாள் இரவு எதையும் புதுப்பிக்காதே என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு தீவுகளில் இணையம் எவ்வளவோ மேல். ஆனாலும் கடலுக்கு மேல் அது கிடையாது. வீட்டிலேயே எல்லாவற்றையும் இறக்கி, ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஒவ்வொரு பக்கமும் திறக்கிறதா என்று பார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு விமானிகள் கூடவே வைத்திருக்கும் கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் கருவியை வாங்கிவிடாதே. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். அறியாமல் கொண்டுவந்த பயணிகள் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். விமானத்தில் பொருத்திய அவசரச் சமிக்ஞைக் கருவி முறையாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பதே அதைவிடப் பயன். டேப்லெட் உன் இருப்பிடத்தை உனக்கு மட்டுமே சொல்லும். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32, 29 பேரோடு மறைந்தது. அதன் சிதைவுகள் 2024 ஜனவரியில்தான் சென்னைக் கரையிலிருந்து 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் அடையாளம் காணப்பட்டன. இந்தக் கடலுக்கு மேல் பறப்பவர் பயணத் திட்டத்தைப் பதிவு செய்வதும், வானொலியில் இருப்பிடத்தை உரிய நேரத்தில் சொல்வதும் எந்தச் செயலியையும்விட முக்கியம்.

சந்தாவை வருடத்துக்கு மட்டும் கட்டு. 2007-இல் தொடங்கிய ஃபோர்ஃப்ளைட்டை 2019-இல் போயிங் வாங்கியது. 2025-இல் அது தோமா பிராவோ என்ற முதலீட்டு நிறுவனத்திடம் போனது. உரிமையாளர் மாறினால் விலையும் மாறலாம். பறந்த பதிவுகளை அவ்வப்போது செயலிக்கு வெளியே எடுத்துச் சேமித்துவை.

இப்போதைக்கு ஒரு வேலை. போர்ட் பிளேரிலிருந்து ஷிப்பூர் வரை சுமார் 95 கடல் மைலுக்கு ஒரு பயணத்தைத் திட்டமிடு. வழியில் 732 மீட்டர் சேடில் பீக் இருக்கிறது. டிசம்பர் மாலை என்று வைத்துக்கொள். முதலில் தாளில் போடு, பிறகு இரண்டு செயலிகளின் சோதனைப் பதிப்பில் போட்டு மூன்றையும் ஒப்பிட்டு எழுதி அனுப்பு. எந்தச் செயலி நம் ஊரைச் சரியாக அறிந்திருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு கடைக்குப் போவோம். செல்லுலார் ஐபேட் மினியின் விலையில் பாதி பெரியப்பாவுடையது.

அன்புடன்,
பெரியப்பா